ரிப்பன் வெட்டுறவர் கிளம்பட்டும், அப்புறம் வரேன்

தம்பி, நீ அனுப்பின அழைப்பிதழ் வாட்ஸப்புல வந்து சேந்துச்சு. கண்ணாடியை மாட்டிக்கிட்டுத் திண்ணையில உக்காந்து, ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் படிச்சேன். மொதல்ல தாளாளர் படம். அடுத்தாப்புல செயலாளர் படம். அப்புறம் முதல்வர், துணை முதல்வர், புலத்தலைவர், நுண்கலை மன்ற ஒருங்கிணைப்பாளர், அவருக்கு ஒரு இணை ஒருங்கிணைப்பாளர். தலைமைக்கு ஒருத்தர், முன்னிலைக்கு மூணு பேரு, வரவேற்புரைக்கு ஒருத்தர், வாழ்த்துரைக்கு ஒரு கூட்டமே. உன் பேரு எங்கடான்னு தேடித் தேடி விரல்தான் தேஞ்சுது. கடைசி வரியில, எறும்பு ஊர்ற எழுத்துல, ‘மாணவ மாணவியரின் கைவண்ணங்கள் காட்சிக்கு வைக்கப்படும்’னு போட்டிருந்துச்சு. “இதுல நம்ம பையன் எங்கடி இருக்கான்?”னு உங்க அப்பாயியைக் கேட்டேன். எட்டிப் பாத்துட்டு, “அந்த ‘ன்’ மேல ஒரு புள்ளி இருக்கு பாருங்க, அதுவா இருக்கும்”னா.

கல்லூரிப் பேரை நான் சொல்லமாட்டேன். சொன்னா உனக்கு இன்டர்னல் மார்க்குல கை வச்சுருவாங்க. கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவுல எத்தனையோ கல்லூரி. அத்தனையிலயும் இந்த மாசி பங்குனியில கலை விழா, ஓவியக் கண்காட்சி, கோலப்போட்டி, பாரம்பரிய நாள்னு ஏதாவது ஒண்ணு நடக்கும். எந்தக் கல்லூரிக்காரன் படிச்சாலும் நம்மளைத்தான் சொல்றான் கிழவன்னு நினைச்சுக்கட்டும், எனக்கென்ன.

படம் போட்டவன் பேரைப் போட இடம் இல்லைங்கறாங்களே, அதுதான் எனக்கு விளங்கலை. அடுத்த தடவை தஞ்சாவூர் போனா பெரிய கோயிலுக்குப் போயி கோபுரத்தை அண்ணாந்து பாத்து செல்ஃபி எடுத்துட்டு ஓடியாந்துடாதே, சுவத்தைப் பாரு. கல்வெட்டு வாசிக்கத் தெரிஞ்ச ஒரு வாத்தியாரோட நான் போயிருக்கேன். விரலை வச்சு வச்சு வாசிச்சுக் காட்டினாரு. 1010ல முடிஞ்ச கோயில் அது. அங்க ஆடறதுக்குன்னு சோழநாட்டுக் கோயில்கள்லேர்ந்து 400 பொம்பளைங்களைக் கொண்டாந்து குடி வச்சிருக்கான் ராஜராஜன். 400 பேருக்கும் பேரு வெட்டியிருக்கு தம்பி. எந்த ஊர்க் கோயில்லேர்ந்து வந்தவ, இங்க எந்தத் தெரு, தெருவுல எந்தச் சிறகு, எத்தனாவது வீடு, எல்லாம் கல்லுல இருக்கு. ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. அதோட விட்டானா? நட்டுவம் பண்ணினவரு, மத்தளம் அடிச்சவரு, குடை புடிச்சவரு, விளக்கு ஏத்தினவரு, தண்ணி தெளிச்சவரு, தையல்காரரு, நாவிதரு, கணக்கு எழுதினவருன்னு அது பாட்டுக்குப் போகுது. கோயிலைக் கட்டின தச்சருக்கும் பேரு இருக்கு, குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன்னு.

ராஜா தன் பேரைப் போட்டுக்கலையான்னு கேப்பே. போட்டுக்கிட்டான், நல்லாத்தான் போட்டுக்கிட்டான். காசு போட்டவன் பேரைப் போட்டுக்கறதுல ஒரு குத்தமும் இல்லை. உங்க தாளாளர் படம் அழைப்பிதழ்ல இருக்கட்டும், வேணும்னா இன்னும் கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும். ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் உளியைத் தட்டித் தட்டி வெட்டவேண்டியிருந்த காலத்துல மத்தளக்காரருக்கு இடம் கெடைச்சுது. கம்ப்யூட்டர்ல தட்டினா வந்து விழற காலத்துல உனக்கு இடம் கெடைக்கலை.

அதனால சண்டை போடுன்னு சொல்லலை. சண்டை போட்டா ஒழுங்கு நடவடிக்கைக் குழு, அது இதுன்னு உங்கப்பனை லெட்டர் போட்டு வரச்சொல்லுவாங்க. அவன் லீவு போட்டுட்டு வந்து உன்னை விட்டுட்டு என்னைத் திட்டுவான். பேசாம ஒரு காரியம் பண்ணு. சார்ட் பேப்பர் நாலு வாங்கு. கண்காட்சி வாசல்ல ஒட்டி, படம் வரைஞ்சவங்க எல்லார் பேரையும் ஊரோட எழுது. பலகை நிறுத்தின தச்சர், லைட்டு போட்டுக் குடுத்த எலக்ட்ரீசியன், கூடத்தைக் கூட்டிப் பெருக்கின அம்மா, அவங்க பேரையும் எழுது. அழைப்பிதழைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே. வர்றவன் அதைத்தான் நின்னு படிப்பான். சிறப்பு விருந்தினரும் படிப்பாரு, தன் பேரு இருக்கான்னு.

இப்ப திறப்பு விழாவுக்கு வருவோம். காலையில 10 மணின்னு போட்டிருக்கு, அப்படின்னா பதினொண்ணே கால். குத்துவிளக்கு நாச்சியார்கோயில் பித்தளையா இருக்கும், நல்ல விளக்கு. ஆனா எண்ணெய் ஊத்தினாங்களா, திரி நனைஞ்சிருக்கான்னு யாரும் பாக்கமாட்டாங்க. ஆளுக்கொரு முகத்துல மெழுகுவத்தியைக் காட்டுவாங்க, மேல ஃபேன் சுத்தும், திரி புடிக்காது. புடிக்கலைன்னாலும் போட்டோவுல புடிச்சிருச்சுன்னா போதும்னு அடுத்தவங்ககிட்ட மெழுகுவத்தியைக் குடுத்துருவாங்க. நீ முந்தின நாளே திரியை நல்லா எண்ணெயில ஊறவை, ஃபேன் சுவிட்சுகிட்ட ஒரு பொடியனை நிறுத்து. கலைத்தொண்டு அங்கேர்ந்துதான் ஆரம்பம்.

பொன்னாடை போத்துவாங்க. பேச்சு நடக்கும். ‘ஓவியம் என்பது ஒரு கலை’ன்னு ஒருத்தர் சொல்லுவாரு, கை தட்டணும், நீ மொதல்ல தட்டு. அப்புறம் ரிப்பன். அப்புறம் விருந்தினர் படங்களைப் பாப்பாரு. எப்படிப் பாப்பாருன்னு கவனிச்சிருக்கியா? நடக்கிற வேகம் குறையாது. எந்தப் படத்துக்கிட்ட போட்டோகிராபர் நிக்கிறாரோ அந்தப் படம் அவருக்குப் புடிச்சிருக்கும். விரலை நீட்டி ஏதோ கேப்பாரு, பக்கத்துல இருக்கற பேராசிரியர் விளக்குவாரு, பின்னாடி நிக்கிற படம் வரைஞ்ச புள்ளை எச்சிலை முழுங்கும். மறுநாள் பேப்பர்ல ‘கண்காட்சியை ஆர்வமுடன் பார்வையிட்டார்’னு வரும். அதனால உன் படத்தை நல்லா மாட்டணும்னு ஆசை இருந்தா நடு இடத்தைத் தேடாதே. போட்டோகிராபருக்கு எங்க நின்னா வெளிச்சம் சரியா விழும்னு பாத்து, அங்க மாட்டு.

நான் அவரு கார் கிளம்பின பிற்பாடுதான் வருவேன். ரிப்பன் துண்டெல்லாம் தரையில கிடக்கும், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் மூலையில கிடக்கும். அப்பத்தான் படம் பாக்க முடியும்.

அது சரி, படம். போன வருஷம் உங்க கூடத்துல மாட்டியிருந்ததெல்லாம் பாத்தேன்ல. பாதி படம் விவசாயி. வெடிச்ச நெலத்துல குந்திக்கிட்டு, தலையில கையை வச்சுக்கிட்டு, ஒரு கண்ணுல மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி. பத்துப் பதினஞ்சு விவசாயி, அத்தனை பேரும் ஒரே ஆளு. கூகுள்காரன் அந்த ஒருத்தனைத்தான் படம் புடிச்சு வச்சிருக்கான்போல. மீதிப் பாதி, கூந்தல் மரமாப் போன பொம்பளை. பூமி உருண்டையை உள்ள வச்ச கண்ணு. பாதி முகம் புத்தர், பாதி முகம் வேற யாரோ. வரைஞ்ச கையெல்லாம் நல்ல கை தம்பி, நான் இல்லைங்கலை. விரலுக்கு நிழல் போட்டிருந்துச்சு ஒரு பொண்ணு, பிரமாதம். ஆனா டெல்டாவுல பொறந்துட்டு, நீங்க பாக்காத வெடிச்ச நெலத்தையே ஏன் வரையறீங்க? நமக்கு ஒரு வருஷம் தண்ணி இல்லைன்னா மூணு வருஷம் தண்ணி அதிகம். தை அறுப்பு நேரத்துல மழை பேஞ்சு, கதிரு சாஞ்சு, தண்ணிக்குள்ளேயே மொளைச்சுப் போயி நிக்கும் பாரு, பச்சை மொளை, அந்தப் பச்சையை எவனாவது கலர் கலந்து கொண்டாந்தானா?

நெல்லு கொள்முதல் பண்ற டிபிசிக்குப் போய்ப் பாரு. ரோட்டோரத்துல நெல்லு குமிஞ்சு கெடக்கும், நீலத் தார்ப்பாய் மூடியிருக்கும், தார்ப்பாய் பறக்காம இருக்கச் செங்கல்லு வச்சிருக்கும். ஈரம் 17க்கு மேல போனா எடுக்கமாட்டோம்னு கையில ஒரு சின்ன மிஷினை வச்சுக்கிட்டு நிப்பாங்க. அந்த மிஷின்ல நம்பர் ஓடி நிக்கிற வரைக்கும் மூட்டைக்காரன் மூஞ்சியைப் பாரு. அவன் அழமாட்டான். நம்பரையும் பாக்கமாட்டான், அடுத்தாப்புல இருக்கற டீக்கடையைப் பாத்துக்கிட்டு நிப்பான். ராத்திரியானா அதே நெல்லு மேட்டு மேலேயே படுத்துக்குவான், காலடியில நாயும் படுத்துக்கும். இதை வரைஞ்சியானா நான் காசு குடுத்து வாங்கறேன். 2018 நவம்பர் 16ல கஜா புயல் அடிச்சுதே, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை அத்தனையும் ஒரே பக்கமா விழுந்து கெடந்துச்சு. அப்ப உங்க வகுப்புப் புள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல இருந்திருப்பீங்க, கண்ணால பாத்திருப்பீங்க. ஒருத்தரும் வரையலை. கூந்தல் மரமான பொம்பளையை வரையறீங்க. தோப்பே தலைகீழாப் போனது கண்ணுக்குத் தெரியலை.

இன்னொண்ணு. உழவுமாட்டை வரைஞ்சா ஒரு தடவை மாட்டையும் பாத்துடணும். போன வருஷம் ஒரு பெரிய கேன்வாஸு, முதல் பரிசு வாங்கினது, அதுல நுகத்தடியைத் திமிலுக்குப் பின்னாடி முதுகுல வச்சிருந்துச்சு. திமிலுக்கு முன்னாடி கழுத்துலதானடா உக்காரும். பின்னாடி வச்சா எதை வச்சு அது இழுக்கும்? சுத்தியும் பச்சைப் பயிரு தளதளன்னு நிக்குது, நடுவுல அவரு உழுதுக்கிட்டுப் போறாரு. வெளைஞ்சு நிக்கிற வயலை உழறவரைப் பாத்துதான் நடுவர் பரிசு குடுத்திருக்காரு. நடுவர் வணிகவியல் துறை. அவரைச் சொல்லிக் குத்தமில்லை.

உங்க மன்றத்துக்காரங்களை பஸ் ஏத்தி ‘களப்பயணம்’னு ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறாங்களே, அந்தக் காசுல பத்துல ஒரு பங்கு போதும், சுவாமிமலைக்குப் போயிட்டு வரலாம். தேரடிப் பக்கம் எந்தப் பட்டறையிலயாவது அனுமதி கேட்டு உக்காருங்க. தேன்மெழுகு, குங்கிலியம், கடலெண்ணெய் மூணையும் காய்ச்சி, இளஞ்சூட்டுல உருவம் புடிப்பாங்க. அளவு எடுக்க ஸ்கேல் கிடையாது. தென்னங்கீத்து ஓலையை மடிச்சு மடிச்சு அளவு வச்சிருப்பாங்க, முகம் இத்தனை, மார்பு இத்தனைன்னு. அதுக்கு மேல காவேரி வண்டல். மொதப் பூச்சு ரொம்ப மெல்லிசு, மாவா இருக்கும், நகக்கண்ணு அளவு நகையையும் புடிச்சுக்கணும்ல. அதுக்கு மேல கெட்டி மண்ணு, கம்பி. காஞ்ச பின்னாடி சுடுவாங்க, மெழுகு உருகி ஓடிரும், உள்ள வெறும் காலி. அந்தக் காலியிலதான் உலோகத்தை ஊத்தணும். ஆறினப்புறம் மண்ணை உடைச்சிருவாங்க, அதே அச்சுல இன்னொண்ணு வராது. நீ போன்ல அழிச்சு அழிச்சு வரையற படத்துக்கு ‘அன்டூ’ பட்டன் இருக்கே, அங்க கிடையாது. உங்க பசங்க அரை நாள் அங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டு வரட்டும். வாயை மூடிக்கிட்டு உக்காரணும். அதுதான் கஷ்டமான பாடம்.

கண்ணை உபயோகப்படுத்தினா என்ன கெடைக்கும்னு கேக்கறியா? பெரிய கோயில் கருவறையைச் சுத்தின உள்சுத்துல இருட்டுல சோழர் காலத்து ஓவியம் இருந்துச்சு. அது மேல நாயக்கர் காலத்துல வேற படம் வரைஞ்சு மூடிட்டாங்க. அதுக்குப் பிறகு எத்தனை பேரு அந்தப் பக்கம் போனானோ, எத்தனை விளக்கு எரிஞ்சுதோ, யாரும் பாக்கலை. 1931ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி போயி, மேல்பூச்சு உதிர்ந்த இடத்துல அடியில இன்னொரு படம் இருக்கறதைக் கண்டுபுடிச்சாரு. கவனிச்சுக்க, கல்லூரி வாத்தியார் ஒருத்தர்தான். அவருக்கு யாரும் பொன்னாடை போத்திக் கூட்டிட்டுப் போகலை. பல்கலைக்கழகமே அப்பத்தான் 1929ல ஆரம்பிச்சிருந்துச்சு. உங்க வாத்தியார்ல ஒருத்தரு அப்படி இருட்டுல டார்ச்சு அடிக்கிற ஆளா இருந்தா, அவரைச் சுத்தியே வா. மத்தவங்களுக்கு வணக்கம் வச்சா போதும்.

படத்துக்குக் கீழ எழுதற சீட்டைப் பத்தி ஒரு வார்த்தை. ‘தலைப்பில்லை’ன்னு எழுதாதே. பேரு வைக்கத் துணிவில்லாதவன் புள்ளையை ஏன் பெத்தான்னு அப்பாயி கேப்பா. இங்கிலீசுல மட்டும் எழுதாதே. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள காவல்காரர் லைட்டை அணைச்சுருவாரு. உன் பேரு, ஊரு, எதுல வரைஞ்சே, போஸ்டர் கலரா, அக்ரிலிக்கா, கரியா, அதை எழுது. விலையையும் எழுது. விலை எழுத வெக்கப்பட்டீங்கன்னா என்ன ஆகும்னா, ‘ரொம்ப நல்லாருக்கு, ஞாபகார்த்தமா எடுத்துக்கறேன்’னு யாராவது பெரிய மனுசன் தூக்கிட்டுப் போயிருவாரு. 500 ரூபாய்னு ஒரு சீட்டு ஒட்டியிருந்தா அந்த ஞாபகம் அவருக்கு வராது.

காவல்காரர்னு சொன்னதும் ஞாபகம் வருது. மெட்ராஸ் மெரினாவுல உழைப்பாளர் சிலை இருக்குல்ல, நாலு பேரு பாறையை நெம்புவாங்களே, அது 1959ல திறந்தது. செஞ்சவரு தேவி பிரசாத் ராய் சௌத்ரி, எழும்பூர்ல இருக்கே ஓவியக் கல்லூரி, அதுக்கு மொதல் இந்தியத் தலைவர். 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு பட்டாளத்து டாக்டர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் அது. மருந்து குடுக்க வந்தவன் படம் வரையப் பள்ளிக்கூடம் வச்சான் பாரு. அந்த ராய் சௌத்ரி மல்யுத்தம் தெரிஞ்ச மனுசன், அதனாலதானோ என்னவோ சிலையில தசையெல்லாம் முறுக்கி நிக்கும். அதுக்கு மாதிரியா நின்னவங்கள்ல ஒருத்தர் அந்தக் கல்லூரிக் காவல்காரர்னு சொல்லுவாங்க. கல்லூரித் தலைவரு கேட்டுல நின்னவரைப் பாத்திருக்காரு, இந்தத் தோளு போதும்னு முடிவு பண்ணியிருக்காரு.

உங்க கேட்டுல நிக்கிறவரு உங்க கண்காட்சியை ஒரு தடவை உள்ள வந்து பாத்திருக்காரா? அவரு வேலையே என்னைய மாதிரி ஆளுங்களை உள்ள விடாம இருக்கறது. போன வருஷம் நான் வந்தப்ப, “ஐடி கார்டு?”ன்னாரு. வேட்டி மடிப்புலேர்ந்து ரேஷன் கார்டை எடுத்துக் காட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. “யாரைப் பாக்கணும்?”ன்னாரு. “படத்தை”ன்னேன். நோட்டுல ‘பார்க்க வேண்டிய நபர்’ங்கற கட்டத்துல எதை எழுதறதுன்னு அவரு முழிச்சாரு, கடைசியில ‘முதல்வர்’னு எழுதி உள்ள விட்டாரு. முதல்வரை நான் பாக்கவேயில்லை. நோட்டுல மட்டும் நாங்க பழக்கம்.

காலை 10லேர்ந்து மாலை 4 வரைக்கும்னு போட்டா யாரு வருவா? அந்த நேரத்துல வேலைவெட்டி உள்ளவன் வேலையில இருப்பான். வகுப்பைக் கட்டடிக்க ஆசைப்பட்டவன் மட்டும் கண்காட்சியில இருப்பான், அவனும் ஏசிக்காக. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5லேர்ந்து 8 வரைக்கும் கதவைத் திறந்து வைங்க. ஹாஸ்டல்ல சமைக்கறவங்க, எதுத்த தெருவுல இஸ்திரி போடறவர், உங்க பஸ் டிரைவர் தன் பொண்டாட்டி புள்ளையோட, எல்லாரும் வருவாங்க. வந்து ‘இது என்னது, தலைகீழா மாட்டிட்டீங்களா?’ன்னு கேப்பாங்க. கேக்கட்டும். பதில் சொல்லத் தெரியலைன்னா படத்துல ஏதோ சரியில்லை, இல்லாட்டி நீ அதை இன்னும் முழுசாப் பாக்கலை.

கலை விழா ரெண்டாம் நாளுக்குப் பறையாட்டம், கரகம், ஒயில்னு போட்டிருக்கீங்க, சந்தோஷம். ஆனா போன தடவை நடந்ததை நான் மறக்கலை. பறை அடிக்கிற பசங்க காலையிலேயே வந்து, தோலைக் காய்ச்சி, மேடைக்குப் பின்னாடி வெயில்ல நின்னாங்க. பேச்சு நீண்டுச்சு. விருந்தினருக்கு நேரமாச்சுன்னு ‘தம்பி, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக்கங்க’ன்னாங்க. அடி புடிச்சு கை சூடாகறதுக்குள்ள நிறுத்தியாச்சு. பின்னாடியே சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், அது ஒண்ணேகால் மணி நேரம், அதுக்கு நிமிஷக் கணக்கு யாரும் பாக்கலை. பேராசிரியர்களும் கீழ ஆடினாங்க, நானும் வண்டியில உக்காந்து காலாட்டினேன், பொய் சொல்லமாட்டேன். அழைப்பிதழ்ல ‘பாரம்பரியக் கலைகளைப் போற்றுவோம்’. மேடையில அஞ்சு நிமிஷம். இந்த வருஷம் பறையை மொதல்ல வை, பேச்சைப் பின்னாடி வை. பறைக்குப் பிறகு பேச வர்றவர் தானாவே சுருக்கிக்குவாரு. அவங்க எந்த ஊரு, யாரு கத்துக் குடுத்தாங்கன்னு மைக்குல சொல்லு.

நாகஸ்வரமும் வேணும்னு சொல்லியிருக்கீங்களாம், விருந்தினரை வாசல்லேர்ந்து அழைச்சு வர. ஆடுதுறை பக்கம் நரசிங்கம்பேட்டை இருக்கு. அங்க ஆச்சா மரத்துலதான் நாகஸ்வரம் கடைவாங்க, அதுவும் புது மரம் ஆகாது, பழைய வீட்டை இடிச்சா வர்ற உத்தரமும் தூணும்தான் தேடி வாங்குவாங்க. 2022ல புவிசார் குறியீடும் குடுத்தாங்க. யாரோட வீட்டு உத்தரமோ வாசிக்குது. அதைக் கொண்டாந்து கேட்டுலேர்ந்து ஆடிட்டோரியம் வரைக்கும், கார் கதவு திறக்கற நேரத்துக்கு மட்டும் ஊதச் சொல்றீங்க. அரை மணி நேரம் உக்கார வச்சு வாசிக்கச் சொல்லு. புள்ளைங்க போனை நோண்டுவாங்கன்னு பயப்படாதே. மொத பத்து நிமிஷம் நோண்டுவாங்க.

பாரம்பரிய நாளைப் பத்தி நான் பேசினா என் பொழைப்புல நானே மண்ணைப் போட்டுக்கறதா ஆகும். ஏன்னா அன்னைக்கு உங்க மைதானத்துல நிக்கிற மாட்டுவண்டி என்னுது. வருஷா வருஷம் வாடகைக்குக் கேக்கறாங்க. வண்டி ஓட்டக்கூடாது, நிக்கணும். புள்ளைங்க ஏறுவாங்க, கரும்பைப் புடிப்பாங்க, போட்டோ, இறங்குவாங்க, அடுத்த செட்டு. அத்தனை பேரும் ஒட்டு வேட்டி. பிச்சா கரகரன்னு சத்தம் கேக்கும், அந்தச் சத்தத்துக்குத்தான் என் மாடு ஒருதடவை மிரண்டுச்சு. ஒரு பேராசிரியர் எங்கிட்ட வந்து, “பெரியவரே, கொஞ்சம் தலைப்பாகை கட்டிக்கிறீங்களா, நேச்சுரலா இருக்கும்”னாரு. தெனமும் நேச்சுரலா இருக்கறதுக்கு எனக்கு ஒருத்தன் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு பாரு. கட்டிக்கிட்டேன். தலைப்பாகைக்குத் தனியா 50 ரூபாய் கேட்டேன், குடுத்தாங்க.

கோலப்போட்டிக்கு உங்க அப்பாயியை நடுவராக் கூப்பிடறதா உங்கம்மா சொன்னா. கூப்பிடாதே. அவ தலைப்பைப் பாக்கமாட்டா, ‘நீரின்றி அமையாது’ன்னு கலர்ப்பொடியில எழுதியிருந்தா மார்க்கு போடமாட்டா. குனிஞ்சு புள்ளியை எண்ணுவா. இழை எங்க அறுந்துச்சுன்னு பாப்பா. பாதிப் பேருக்குப் பூஜ்ஜியம் போட்டுட்டு வந்துருவா, உனக்குத்தான் வகுப்புல கெட்ட பேரு.

உங்கப்பன் போன்ல கத்தினதும் காதுல விழுந்துச்சு, ‘படம் வரைஞ்சா சோறு போடுமா’ன்னு. அவனுக்கு ரெண்டு ஆளைச் சொல்லு. ஒருத்தர் நம்ம ஊருலேயே படிச்சவரு. கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854லேர்ந்து இருக்கு. அதுல 1904ல சேந்த ராமானுஜன், கணக்கு கணக்குன்னே கிடந்து மத்த பாடத்துல கோட்டை விட்டு உதவித்தொகையே போச்சு. பிறகு உலகமே அவரைத் தேடிச்சு. இதைச் சொல்லும்போது பாத்துச் சொல்லு. அவரு தோத்தது மத்த பாடத்துல, நீ அரியர் வச்சிருக்கறது கணக்குலங்கறது உங்கப்பனுக்குத் தெரியும். இன்னொருத்தர் கே.சி.எஸ். பணிக்கர், எழும்பூர்க் கல்லூரி முதல்வரா இருந்தவரு. அவரும் அவருகிட்ட படிச்ச பசங்களும் சேந்து, துணியில மெழுகு பூசிச் சாயம் போட்டு பாத்திக் வேலை பண்ணி வித்த காசுல எடம் வாங்கி, 1966ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம்னு ஓவியர் ஊரு ஒண்ணையே உண்டாக்கினாங்க. ஓவியன் நில பட்டா வச்சிருக்கறதைக் கேட்டா உங்கப்பன் கொஞ்சம் அடங்குவான். அவனுக்குப் புரியற ஒரே கலை அதுதான்.

சரி, நான் வர்ற சேதிக்கு வரேன். சனிக்கிழமை திறப்பு, அன்னைக்கு வரலை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வண்டியிலேயே வரேன், தெருவுல நாலைஞ்சு பேரு கூட வர்றேங்கறாங்க. கேட்டுல சொல்லி வை, நோட்டுல எல்லாரையும் ‘முதல்வர்’னே எழுதிக்கட்டும். நீ வரைஞ்ச படத்தை உங்கம்மா போன்ல காட்டினா. நம்ம மயிலைக் காளைதானே அது? கொம்பு சரியா வந்திருக்கு, எடதுகொம்பு நுனி மழுங்கியிருக்கறதையும் விடலை, பரவாயில்லை. ஆனா மூக்கணாங்கயித்தைக் கொம்புக்குப் பின்னால கொண்டுபோகாம வாய்ப்பக்கமே தொங்க விட்டிருக்கே. அதை மாத்து. மாத்திட்டு விலையைச் சொல்லு, பேரம் பேசமாட்டேன். போன வருஷத்து வண்டி வாடகை உங்க கல்லூரிக்காரங்க இன்னும் தரலை. அதுல பாதியை உன் படத்துக்கு நேர் பண்ணிக்கிட்டு மீதியை வாங்கி வை.